குடவாசல்காரியும் திடீர் ஆய்வும்

ஐப்பசி, திங்கள்

தூறல். அரசு மனநலக் காப்பகத்தில் திடீர் ஆய்வு. திடீர் என்பதால் போன வாரமே கடிதம் அனுப்பியிருந்தோம். வாசலில் கோலம். படுக்கை விரிப்புகள் பிரசவ வார்டிலிருந்து இரவல். மருத்துவர் பணியிடம் காலி. நாற்காலியை மட்டும் துடைத்து வைத்திருந்தார்கள். நடத்துவது அரசு, மேற்பார்வையும் அரசு. ஆகவே பரஸ்பரம் வணக்கம்.

நூர்ஜஹான், குடவாசல். குணமாகி வெகுநாளாயிற்று என்றார் கண்காணிப்பாளர். அவள் தெளிவைச் சோதிக்க நான், "இன்னிக்கு என்ன நாள்மா?"

"ஆபீசர் வர்ற நாள். சோத்துல முட்டை இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. "வீட்டுக்கு அனுப்புங்க சார். தம்பி சவுதியிலேருந்து வந்திருக்கானாம்."

விடுவிக்க என் கையெழுத்து போதும். அழைத்துப்போக உறவினர் வர வேண்டும். "நானே தம்பிகிட்ட பேசுறேன். வெள்ளிக்கிழமை வந்து சொல்றேன்." யாரும் கேட்காமல் கொடுத்த வாக்கு.

புதன்

நல்ல மழை. குடவாசல். புது மாடி வீடு, வழுக்கும் தரை. தம்பி மரியாதையான மனிதர்.

"ராத்தாவ நாங்க வெறுக்கல சார். மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டிருக்கோம். பைத்தியம் இருக்குற வீடுன்னா எவன் வந்து கை நனைப்பான்?"

குணமாகிவிட்டது என்றேன்.

"உங்களுக்குத் தெரியும். சம்பந்திக்கு யாரு சொல்றது? கல்யாணம் முடியட்டும்."

"அதுக்கப்புறம்?"

"சின்னவ ஒருத்தி இருக்கா சார்."

அதற்குள் பிரியாணி வந்துவிட்டது. அந்த வீட்டில் கை நனைக்க ஆள் உண்டு என்பதை நானே நிரூபித்தேன். புறப்படும்போது ஓர் அத்தர் பாட்டில். வேண்டாம் என்று ஒரு முறை சொன்னேன். ஒரே முறை.

"அரசாங்கம் நல்லா பார்த்துக்குதுல்ல சார்?"

"பார்த்துக்குது" என்றேன். அதைச் சோதிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

வியாழன்

அறிக்கை. மருத்துவர் தேவை. விரிப்புகள் தேவை. நூர்ஜஹான்: 'உறவினரிடம் பேசப்பட்டது.' என்ன பதில் என்று மேலே யாரும் கேட்கமாட்டார்கள்.

மனைவி: "என்னங்க, புது வாசனை?"

ஆய்வு என்றேன்.

வெள்ளி

வெயில். பூதலூரில் கூட்டம். போகிற வழியில்தான் காப்பகம். கேட்டருகே துணி மூட்டையுடன் நூர்ஜஹான். தலை வாரி, முக்காடு போட்டு. ஜீப்பைப் பார்த்ததும் எழுந்தாள்.

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "உள்ள விடவா சார்?"

"வரும்போது பார்த்துக்கலாம். போங்க."

வரும்போது வல்லம் வழியாக வந்தோம். சுற்றுவழி.