மாமாவுக்கும் அதே அளவுதான்

தம்பி,

நீ பழகிப் பார்ப்பதற்காக வாங்கி வைத்திருந்த பழைய சர்வரை இன்று திண்டிவனம் ஆபீசில் ஓட விட்டார்கள். காற்றாடி சுற்றியதும் சூடான தூசி வாசனை வந்தது. எப்போதும் உன் சட்டையில் இருக்கும் வாசனை. நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

எட்டாவதோடு நின்றவள் நான். ஆபீசைப் பெருக்கி, போனை எடுத்து, "தம்பி சாப்ட்டுக்கினு இருக்காங்க, அப்பறம் பேசுங்க" என்று சொல்வதுதான் என் வேலை. ஆனாலும் நீ எனக்குப் புரியும்படி எல்லாம் சொன்னாய். சென்னையில் ஒரு பெரிய கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து, நம் பக்கத்து ஆட்களின் வெப்சைட்டுகளை அதில் வைத்து நடத்தினாய். முதலில் எல்லோரும் அதில் ஒன்றாகத்தான் இருந்தார்கள். கோட்டக்குப்பம் பாயின் டிராவல்ஸ், விக்கிரவாண்டி டிராக்டர் கடை, விழுப்புரத்தில் என் வீட்டுக்காரர் நடத்தும் கல்யாணத் தகவல் மையம்.

தை பிறந்தால் இவர் வெப்சைட்டில் வரன் தேடுகிறவர்கள் மொய்ப்பார்கள். மற்றவர்களுடையது திறக்காது. "துபாய் போறவன் எதிர்ல குந்திக்கினு இருக்கான் தம்பி, ஸ்கிரீன் சுத்திக்கினே இருக்கு!" என்று பாய் கத்துவார். ஒரு தையில், வேறு இடம் பார்த்துக்கொள்வதாகவே சொல்லிவிட்டார். இப்படி ஒவ்வொருவராகப் போனால் ஆபீசை மூட வேண்டியதுதான்.

அப்போதுதான் அந்த ஒரே கம்ப்யூட்டரைத் தனித்தனி சர்வர்களாகப் பிரித்தாய். "கைக்குத் தட்டுப்படாது அக்கா, ஆனா செவுருதான்" என்றாய். ஒருவருக்கு இவ்வளவு மெமரி, இவ்வளவு இடம், அதற்கு மேல் இழுக்க முடியாது. ஒருவருடையது படுத்துவிட்டாலும் அடுத்தவருக்குத் தெரியாது.

மறு வருஷம் தையில் இவருடையது மட்டும் திணறியது. நேராக ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"இன்னா மச்சான், எனக்கே அளவா? நான் இன்னா வெளி ஆளா?"

"இல்ல மாமா. உங்களுக்குக் கூட்டணும்னா பாயோடதுல புடுங்கித்தான் குடுக்கணும். அத மட்டும் கேக்காதீங்க. அக்கா மீன் கொழம்பு கொண்டாந்திருக்கு, சாப்ட்டுப் போங்க."

அவர் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டு இல்லையென்று சொன்ன வீடு நம் சொந்தத்தில் ஏது? "இனிமே அந்த ஆபீஸ் படிய மிதிக்காத" என்று என்னையும் நிறுத்திவிட்டார். இரண்டு பக்கமும் என் ஆட்கள். நான் அழுதேன். நீ அவரை ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. அடுத்த பொங்கலுக்கு வழக்கம்போல் சீர் தூக்கிக்கொண்டு வந்தாய். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்தார். நீ அந்த முதுகுக்கே, "வர்றேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அந்த மாசமே டிராக்டர் கடை வெப்சைட்டுக்குள் எவனோ புகுந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டான். சுவர் இல்லாதிருந்தால் இவரிடம் இருந்த பெண் பிள்ளைகளின் போட்டோவும் போன் நம்பரும் அவன் கைக்குப் போயிருக்கும். செய்தி கேட்டு இவர் வெளிறிப்போய் நின்றபோது நீயே போன் செய்தாய். "மாமா, பாத்துட்டேன். ஒரு போட்டோகூட வெளிய போவல. உங்க பக்கம் அவனால வர முடியல."

போனை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆபீசுக்குப் போயிட்டு வா. சாப்ட்டானோ இல்லியோ" என்றார்.

நீ கண்ணை மூடிய பிறகு ஆபீசை உன் கூட்டாளி நடத்துகிறார். இன்று அவர் இவரிடம், "அண்ணே, நீங்க குடும்ப ஆளு. உங்களுக்கு மட்டும் அளவ எடுத்து உடட்டுமா?" என்று கேட்டார். இவர் மறுத்துத் தலையை ஆட்டினார். "வேணாம்பா. என் மச்சான் அளந்து வெச்சது."

எனக்கும் உன் புத்தி கொஞ்சம் வந்திருக்கிறது தம்பி. போன வாரம் நாத்தனார் வந்து, தன் மகளை இவர் வெப்சைட்டில் எல்லோருக்கும் முன்னால் போடச் சொன்னாள். பதிந்த வரிசைப்படிதான் வரும், முடியாது என்றேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் தட்டை வைத்துச் சோறு போட்டேன். பையைக் கீழே வைத்தாள். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள்.