படத்தின் ஓரத்தில் நிற்கிறவள்

ஆடி 14, செவ்வாய்

குற்றாலத்தின் பழைய படங்களைச் சேர்க்கிற இணையதளத்தில் போன வாரம் அப்பாவின் படம் ஒன்றை ஏற்றினேன். ஐந்தருவியில், தான் வேலை பார்த்த பஸ் டிப்போ ஆட்களோடு ஈரத்தலையுடன் நிற்கிறார். அம்மாவைக் கட்டுவதற்கு முந்தைய படம். ஓரத்தில் ஒரு பெண் நிற்கிறாள். யாரென்று தெரிந்தவர்கள் எழுதலாம் என்று கீழே போட்டிருந்தேன். அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

இன்று காலையில் யாரோ எழுதியிருந்தார்கள். "ஓரத்தில் நிற்பது சண்முகத்தாய், வாசுதேவநல்லூர். இவருடைய முதல் மனைவி." எழுதியவர் பெயர் இல்லை.

அண்ணனுக்கு போன் செய்தேன். "ஏட்டி, அப்பா போய் ஆறு மாசம்கூட ஆகல. வீட்டை நம்ம பேருக்கு மாத்துத நேரம் பாத்து எவனோ வேலை காட்டுதான். அம்மாட்ட சொல்லிராத" என்றான். எனக்கும் சித்தப்பா மகன் மேல்தான் சந்தேகம். வீட்டில் அவனுக்கும் பங்கு உண்டென்று பேசித் திரிகிறான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சாயங்காலம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அப்பா படத்துக்குக் கீழ யாரோ என்னமோ எழுதியிருக்காவம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா நிமிரவில்லை. "வாசுதேவநல்லூர்ல இருந்தா?" என்றாள்.

நான் ஊர்ப் பெயரைச் சொல்லவே இல்லை. "அண்ணன் சொன்னானா?" என்று கேட்டேன்.

"அவன் எங்கிட்ட பேசி ரெண்டு நாளாச்சு" என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் குறிப்பை நீக்கச் சொல்லி இணையதளத்துக்கு எழுதலாம். ஆனால் காரணம் கேட்கிறார்கள். பொய் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.