ஆயர் தொப்பிக்கு அடியில்

செப்டம்பர் 9, திங்கள்

நாள் முழுக்கப் பலகை ஓவியத்தில் புனித அம்புரோசின் தாடி. பஞ்சுக்குச்சியை நாக்கில் தொட்டு, தாடியில் உருட்டி, கறுத்ததும் போட்டுவிட்டு அடுத்த குச்சி. நானூறு வருட மெழுகுவர்த்திப் புகைக்கு எச்சிலை மிஞ்சிய மருந்து இன்னும் வரவில்லை. ஏழு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தது இதற்குத்தான் என்று அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

மாலையில், பூச்சுக்கு உள்ளே இருப்பதைக் காட்டும் அகச்சிவப்புப் படம் வந்தது. ஆயர் தொப்பிக்கு அடியில் தலைப்பாகை. புனிதர் கையிலுள்ள தேன்கூட்டுக்கு அடியில் விரித்த புத்தகம். அரண்மனைப் படிப்பறைக்கு வரைந்த பதினான்கு அறிஞர்களில் எங்கள் காட்சியகத்தில் பதின்மூன்று பேர்தான் இருக்கிறார்கள். அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய அரபு அறிஞர் அவெரோஸைக் காணவில்லை என்று பழைய பட்டியல் சொல்கிறது. இத்தனை காலமும் மலைமேல் ஒரு சிற்றாலயத்தில், கிறிஸ்தவப் புனிதராக நின்றிருக்கிறார்.

இயக்குநர் லாம்பெர்த்தோ, என் வகுப்புத் தோழன், குதித்தான். "ஓர்னெல்லா, அந்தத் தொப்பியக் கழட்டு! டிசம்பர் கண்காட்சிக்கு இவர்தான் மாப்பிள்ளை."

செப்டம்பர் 12, வியாழன்

மேல்பூச்சில் இரண்டு சென்டிமீட்டர் சதுரம் திறந்து பார்த்தேன். ஓரத்தில் திறந்திருக்க வேண்டும். மாணவர்களிடம் அதைத்தானே சொல்கிறேன்? நான் திறந்தது வலது கண்ணில். அவர் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேனோ?

கண் இல்லை. ஆணிக் கீறல்.

செப்டம்பர் 18, புதன்

எக்ஸ்ரே வந்துவிட்டது. இரண்டு கண்ணும் தோண்டப்பட்டு, மூக்கும் வாயும் மரம் தெரியுமளவு சுரண்டப்பட்டிருக்கின்றன. இந்தப் பக்கத்து ஆலயச் சுவர்களில் யூதாசுக்கும் பேய்க்கும் கண் இருக்காது. ஜெபிக்க வந்தவர்கள் போகிறபோக்கில் ஆணியால் குத்திவிட்டுப் போவார்கள். அதற்குப் பெயர் பக்தி. தலைப்பாகையைப் பார்த்து இவரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். பிறகு வந்த யாரோ பலகையை வீணாக்க மனமில்லாமல் மேலே புனிதரை வரைய வைத்திருக்கிறார்கள்.

அறிக்கையில் எழுதினேன்: மேல்பூச்சை எடுத்தால் புனிதரும் போவார், அறிஞரும் கிடைக்கமாட்டார். எடுக்கக் கூடாது.

செப்டம்பர் 30, திங்கள்

என் அறிக்கை அச்சாகி வந்திருக்கிறது. "அடியிலுள்ள முகம் நல்ல நிலையில் உள்ளது." கீழே என் பெயர்.

என்ன திமிர் இருந்தா இப்படிச் செய்வான்? என் பேர்ல! இருபத்து மூணு வருஷமா ஒரு பொய் எழுதினதில்ல நான். இந்தக் கோபத்தோட இன்னைக்கு எதையும் தொடக் கூடாது.

அக்டோபர் 4, வெள்ளி

அவன் அறைக்குப் போனேன்.

"சின்னத் திருத்தம்தானே ஓர்னெல்லா. மொழி கொஞ்சம் சோர்வா இருந்துச்சு."

"முகம் இல்லைன்னு எழுதினேன். இருக்குன்னு போட்டிருக்கே. இது மொழியா?"

"இல்லாட்டி என்ன, நீ வரைஞ்சுடு. உன் கை தெரியாதா எனக்கு?"

அழிந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால்தான் நிரப்புவோம். தூரத்திலிருந்து பார்த்தால் படம் முழுசாகத் தெரியும். கிட்டே வந்தால் எது பழசு, எது எங்கள் கை என்று பிரிந்துவிடும். அவனும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தது.

"முழு முகத்தையும் கோட்டாலயா? யாருமே பார்த்திராத முகத்தை?"

"கோடெல்லாம் வேண்டாம். போஸ்டர்ல அசிங்கமா இருக்கும்."

கதவை அறைந்துவிட்டு வந்தேன். நாற்பத்தொன்பது வயதில் கதவை அறைவது! அதற்கும் சேர்த்து அவன்மேல்தான் கோபம்.

அக்டோபர் 15, செவ்வாய்

அந்தச் சிற்றாலயச் சபைக்கு இந்த வருடத் தலைவி இர்மா, முப்பது தேனீப்பெட்டிக்காரி. படத்துக்கு உரிமை சபையுடையது. அவர்கள் கையெழுத்துப் போட்டது புகையைத் துடைக்க மட்டும். இன்று பூட்ஸ் சேற்றோடு உள்ளே வந்தாள்.

"டாக்டரம்மா, எங்க சாமி எப்போ வீட்டுக்கு வருவாரு? டிசம்பர் ஏழாந்தேதி திருநாள்." உடனே சதுரத்தைப் பார்த்துவிட்டாள். "கண்ணுல என்ன?"

"நான் திறந்தது."

"எதுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்க ஊர்க்காரங்களா தோண்டுனாங்க? படிச்ச மனுஷன் கண்ணையா?"

"ஆமா."

"அவங்க தோண்டுனாங்க. இப்ப நீங்க உரிக்கப்போறீங்க. என்னம்மா வித்தியாசம்? அவங்க கையில ஆணி, உங்க கையில பஞ்சு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாமியும் இல்லை, சபையும் இல்லை எனக்கு. முப்பது வருடமாகப் பூசைக்குப் போனதில்லை. ஆனாலும் இழுப்பறையைத் திறந்து என் உண்மையான அறிக்கையின் நகலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அலுவலகக் காகிதத்தை வெளியே கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் இல்லை.

நவம்பர் 4, திங்கள்

சபையின் கடிதம் வந்துவிட்டது: அனுமதி ரத்து, படத்தைத் திருப்பித் தரவும். கூடவே என் அறிக்கை, என் கையெழுத்தோடு.

லாம்பெர்த்தோ கத்தவில்லை. "தேன் விக்கிறவளுக்குக் குடுத்தியா?" என்று மட்டும் கேட்டான்.

நவம்பர் 29, வெள்ளி

படம் மலைக்குத் திரும்பிப் போகுமுன் அந்தக் கண்ணை நிரப்பி முடித்தேன். கோடுகளால்தான். நான்கு நாள் பிடித்தது. திங்கள் முதல் எனக்குப் புறநகர்க் கிடங்கில் வேலை, உடைந்த சட்டங்களுக்கு எண் போடுவது. "தற்காலிகம்" என்று கடிதம் சொல்கிறது. எழுதியவனை எனக்குத் தெரியும்.

டிசம்பர் 7, சனி

கண்காட்சி இன்று திறந்தது. பதின்மூன்று பேர். என்னை அழைக்கவில்லை.

மலையில் ஒரே மூடுபனி. அந்தப் பலகையைத் திருநாள் ஊர்வலத்தில், இந்த ஈரத்தில் தூக்கிக்கொண்டு போவதா என்று இர்மாவிடம் சண்டை போட்டேன். "வருஷா வருஷம் போறவருதான்" என்றாள். கடைசியில் இரண்டு கம்பளிக்கும் ஒரு பிளாஸ்டிக் உறைக்கும் சம்மதித்தாள். வாசலில் ஒரு கிழவர் மூக்கு படுமளவு கிட்டே போய்க் கோடுகளைப் பார்த்தார். "இந்த இடத்துல மட்டும் மழை பெய்யுதே?"

"அது நாம பண்ணுனது மாமா," என்றாள் இர்மா. "உள்ளே வேற ஒருத்தர் இருக்காரு. அப்புறம் சொல்றேன், நீங்க கம்பைப் பிடிங்க."

ஊர்வலத்தின் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். இர்மா திரும்பிப் பார்த்தாள்.

"என்ன டாக்டரம்மா, வேடிக்கையா? இந்தப் பக்கம் ஒரு ஆள் குறையுது."

நம்பிக்கை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "நம்பிக்கையா கேட்டேன்? தோள் கேட்டேன்."

கொடுத்தேன். மற்றவர்களைவிட நான் குட்டை, படம் வழி முழுக்க என் பக்கமே சாய்ந்து வந்தது. கோபம் இன்னும் போகவில்லை. இடது தோளை அசைக்க முடியவில்லை.

திங்கள் எட்டரைக்குக் கிடங்கு.