சகாவுக் கோப்பை

அன்புள்ள அம்மாவுக்கு, வெல்சன் எழுதுவது. பட்டாளத்தில் நான் நலம், உடம்பில் ஒரு கீறலும் இல்லை. உன் மூட்டுவலி குறைந்ததா?

போன வாரம் நாங்கள் போட்ட குண்டு தவறி ஒரு வீட்டில் விழுந்தது. தப்பியது ஒரு தாய் மட்டும். நம் பொன்பேத் தீவு வழக்கப்படி சகாவு வேரை இடித்துப் பிழிந்து, ஒரு கோப்பையில் அவளிடம் கொண்டுபோய் நீட்டி மன்னிப்புக் கேட்போம் என்றேன். அதிகாரி சிரித்தான்.

"டேய் தீவுக்காரா, சுடத்தானே உன்னைக் கூட்டிட்டு வந்தோம்? கும்பிடவா?"

அவன் பிள்ளை இங்கே இல்லை. இந்தப் போரை நடத்தும் பெரியவர்கள் எவன் பிள்ளையும் இல்லை. நம் தீவுக்கு ஒரு டாக்டரை அனுப்ப வக்கில்லாதவர்கள், பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க மட்டும் வருஷம் தவறாமல் விமானத்தில் வருகிறார்கள்.

சகாவு வேர் கொஞ்சம் அனுப்பு, அம்மா. நானே இடித்து அந்தத் தாயிடம் கொண்டுபோகிறேன். குடித்தால் மன்னித்தாள். குடிக்காவிட்டால் அது அவள் நியாயம்.

எனக்கு ஏதாவது ஆகி, இவர்கள் சகாவோடு நம் வாசலுக்கு வந்தால், நீ கோப்பையைத் தொடாதே.

வண்டி கிளம்புகிறது.

உன் வெல்சன்