கொலைத் தொடருக்காக அடித்த துக்கமணி

ஒத்தக்கடை, மதுரை.
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்.

அன்புத் தம்பி ஜெய்சனுக்கு,

அக்கா ஆன்சி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அப்பாவும் சுகம். இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை வாசித்துக்கொள். போன சனிக்கிழமைக்குப் பிறகு அதைக் கொஞ்சம் அழுத்தியே எழுத வேண்டியிருக்கிறது.

போனில் சொல்லாமல் இவள் ஏன் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்பாய். பின்னால் ஒரு செல்லோ இழுத்துக்கொண்டே இருக்கும். நான் பேசுவதைக் கேட்கிறாயா, இல்லை அதையும் ஒரு டிராக்காக ஓடவிட்டு வேலை பார்க்கிறாயா என்று எனக்குத் தெரியவே தெரியாது. கடிதம் என்றால் என்றைக்காவது ஒரு நாள் வாசித்துத்தானே ஆக வேண்டும். கூடவே பூண்டு ஊறுகாய் வைத்திருக்கிறேன். கூரியர்காரர் தலைகீழாகப் போட்டிருந்தால் கடிதத்தில் எண்ணெய் இறங்கியிருக்கும், துடைத்துவிட்டு வாசி.

முதலில் முக்கியமான சேதி. அப்பாவுக்கு இதய ஆபரேஷன் அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி என்று முடிவாகிவிட்டது. வால்வு மாற்றப்போகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லாததற்கு ஏன் என்னிடம் அத்தனை கையெழுத்து வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பா பக்கத்தில் இருந்தார்.

உன் வேலையெல்லாம் எப்படிப் போகிறது? இரண்டாம் பாகத்துக்கும் நீதான் பின்னணி இசை என்று கேள்விப்பட்டதும் இந்தத் தெருவே பெருமைப்பட்டது. ஆனாலும் உங்கள் தொடரைப் பற்றிப் பக்கத்து வீட்டு முத்துமீனா அக்காவுக்கு ஒரு சந்தேகம். அதில் மதுரையில் எந்நேரமும் மழை கொட்டுகிறது. இன்ஸ்பெக்டர் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வைகைப் பாலத்தில் நனைந்தபடியே சிகரெட் பிடிக்கிறார். இம்புட்டு மழை பெய்தால் நாம் ஏன் தண்ணி லாரிக்குப் பின்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் என்று அக்கா கேட்கிறார். உங்கள் டைரக்டரிடம் கேட்டுச் சொல்.

அப்பா ஏன் அந்தத் தொடரின் பேச்சையே எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், நீ தெரியாதது மாதிரியே இருக்கிறாய். அம்மா இறந்த அன்று அப்பா ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு ஒரு மெட்டுப் போட்டார். அதைப் பாடித்தான் அம்மாவைக் கல்லறைக்குத் தூக்கிப் போனோம். இன்றைக்கு நம் பங்குக் கோயிலைச் சேர்ந்த யார் இறந்தாலும் பாடகர் குழு அந்தப் பாட்டைத்தான் பாடுகிறது. நீ அதை எடுத்து, வேகத்தைக் குறைத்து, செல்லோவில் போட்டு, கொலைகாரனுக்குக் கொடுத்துவிட்டாய். ஆறாம் பகுதியில் அந்தப் படுபாவி சாக்குப்பையோடு ஆற்று மணலில் நடந்து வருகிறான், பின்னால் நம் அம்மாவின் பாட்டு வருகிறது. அப்பா டிவியை நிறுத்திவிட்டு எழுந்து போய் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். அவனுக்கு வேறு மெட்டே கிடைக்கலையா என்று அன்றைக்கு ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசிக்கொள்வது என் வழியாகத்தான். ஒரு வருஷமாக நான் உங்கள் தபால்காரியாக இருக்கிறேன், ஒருவரும் எனக்குச் சம்பளம் தரவில்லை.

இப்போது சனிக்கிழமைக் கதைக்கு வருகிறேன். உன் சிநேகிதன் ஜினோ உளறியதை வைத்து நீ பாதிதான் தெரிந்துகொண்டிருப்பாய்.

இரண்டாம் பாகத்துக்கு நம் கோயிலின் துக்கமணி வேண்டும், கம்ப்யூட்டரில் இருக்கும் மணியெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் மணி, அதில் சாவு இல்லை என்று நீ சொன்னாய் அல்லவா. நானும் பள்ளிக்கூடம் லீவு என்பதால் காலையிலேயே முக்காடு போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சாமியார் சோழவந்தானில் ஒரு புது வீடு மந்திரிக்கப் போயிருந்தார். கோயில்பிள்ளை சவரிமுத்து அண்ணன் மட்டும் பீடத்துணியை மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார். ஆள் சாகாமல் அந்த மணியைத் தொட்டதே இல்லையாம். மெதுவாக அடியுங்கள் என்றேன். மணிக்கு மெதுவாவெல்லாம் தெரியாது டீச்சர் என்றார்.

கதையில் ஒருவர் சாகிறார் அண்ணே, அவருக்காகத்தான் என்று கெஞ்சினேன். அண்ணன் யோசித்தார். கதையில் செத்தவர் நம்ம ஆளா என்று கேட்டார். பெயர் மைக்கேல் என்றேன். நீ சொன்ன பெயர்தான். அப்படியென்றால் சரி என்று சொல்லி, பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, அந்த மைக்கேலின் ஆன்மா இளைப்பாற ஒரு பரலோக மந்திரம் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உங்கள் தொடரில் அத்தனை பேர் சாகிறார்கள், ஒருத்தருக்காவது யாராவது செபம் சொல்லியிருக்கிறார்களா? பிறகு அவர் கயிற்றைப் பிடித்தார். ஒன்று அடித்து, அது அடங்கும்வரை நின்று, அடுத்தது அடித்தார். நான் போனை நீட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றேன்.

இந்த மணி கேட்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை பார். அடுப்பை அணைத்துவிட்டு, யார் என்று கேட்டு வாசலுக்கு வருவார்கள். அன்றைக்கும் வந்தார்கள். கோயில் கேட்டில் பூ விற்கிற அம்மா உள்ளே எட்டிப் பார்த்து யாருக்கு மணி என்று கேட்டிருக்கிறார். சவரிமுத்து அண்ணன் பொய் சொல்லாத மனுஷன். கயிற்றை விடாமலே, ஆன்சி டீச்சர் அடிக்கச் சொன்னாக என்று சொல்லியிருக்கிறார். மணிச் சத்தத்தில் எனக்கு அது காதில் விழவில்லை. அது போதாதா? அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லை என்பது ஊருக்கே தெரியும். உனக்கு அனுப்பிய ரெக்கார்டிங்கில் நடுவே ஒரு பொம்பளைக் குரல் "ஐயோ சாரு" என்று கதறும், கேட்டிருப்பாய். அது முத்துமீனா அக்கா, அப்பாவை அவர் சாரு என்றுதான் கூப்பிடுவார்; அப்போது ஏதோ தெருச்சண்டை என்று நினைத்துவிட்டேன். அதை வெட்டி எடுத்துவிடாதே, உங்கள் தொடரில் ஒருத்தரும் இப்படி நிஜமாக அழுவதில்லை.

நான் திரும்பி வரும் வழியில் காய்கறி வேறு வாங்கினேன். கடைக்காரர் என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்து, பாக்கிச் சில்லறையைக் கும்பிட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் வாசலில் பந்தல்காரர் மூங்கிலை இறக்கிக்கொண்டிருக்கிறார். ஐஸ் பெட்டி ஆட்டோவில் வந்து நிற்கிறது. ஆபீசுக்குப் போன உன் மச்சான் பாதி வழியிலேயே அழுதுகொண்டு திரும்பியிருக்கிறார். ஜினோ பாடகர் குழுவோடு வந்து, உள்ளே போக மனசில்லாமல் கேட்டிலேயே நின்று அம்மாவின் பாட்டை ஆரம்பித்துவிட்டான்.

அப்பா எங்கே என்று கேள். பின்கட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தார். மணியும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு மட்டும் எப்படியோ கேட்டிருக்கிறது. ஒரு கன்னத்தில் சோப்போடு வாசலுக்கு வந்து, இரண்டாவது அடியில் அப்படி இழுக்காதீங்கடா, மூச்சு விட்டுப் பாடுங்க என்று ஜினோவைத் திட்டினார். முத்துமீனா அக்கா மாலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஐஸ் பெட்டிக்காரருக்குத்தான் பாவம், யாரிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. எல்லோர் காலிலும் விழாத குறையாக நடந்ததைச் சொன்னேன். நல்ல திட்டு வாங்கினேன். அப்பா மட்டும் திட்டவில்லை. வாசலில் இருந்த கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டது இதுதான், அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்:

"இம்புட்டுப் பேருக்குச் சேதி போயிருக்கு, அவனுக்கும் போயிருக்குமே. மொதல்ல அவனுக்குப் போனப் போடு. பிள்ளை பதறிப்போயிருவான்."

ஜினோ அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டான். உனக்கு முதலிலேயே சொல்லிவிட்டானாம். நான் போன் போட்டபோது நீ விமான நிலையத்தில், டிக்கெட்டும் கையுமாக இருந்தாய். அப்பா நல்லாயிருக்கார் என்றதும் நீ சின்னப் பிள்ளை மாதிரி அழுதாய். அப்புறம் சிரித்தாய். நீ அழுததைக் கேட்டு நானும் அழுதேன். அந்த நிமிஷம் உன்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சொல்லாதே என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்காத குறை. நான் சொல்கிறேன்.

நீ ஏர்போர்ட்டில் இருக்கிறாய் என்று நான் சொன்னதும் அப்பா உள்ளே போய் மீதிச் சவரத்தை முடித்தார். குளித்தார். ஈஸ்டருக்கு எடுத்த சந்தனக் கலர் சட்டையைப் போட்டுக்கொண்டார். டிக்கெட் எடுத்தாச்சுல, சாயங்காலம் வந்துருவான் என்று சொல்லி, உன் மச்சானை அயிரை மீன் வாங்க அனுப்பினார். பந்தல்காரர் மூங்கிலை ஏற்றும்போது, அவனுக்கு வெயில் ஆகாது, ராத்திரி வரைக்கும் ஒரு தட்டி இருந்துட்டுப் போகட்டுமே என்றார். ஊரே உட்கார்ந்துவிட்டுப் போன பிளாஸ்டிக் நாற்காலியில், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். வந்துருவான்ப்பா, நீங்க படுங்க என்றால் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு நீ போன் பண்ணினாய். அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டதால் ஸ்டுடியோவுக்கே திரும்பிவிட்டதாகவும், திங்கட்கிழமை மிக்ஸிங் என்றும் சொன்னாய். சந்தோஷமாகத்தான் சொன்னாய். நான் சரிப்பா என்று வைத்துவிட்டேன். அப்பாவிடம் போய் எப்படிச் சொல்வது என்று அடுப்படியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

சொன்னேன். சரி விடு, வேலையாருக்கும் என்றார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். அந்த நேரம் பார்த்து எழுமலை அத்தை உசிலம்பட்டியில் பஸ் மாறி, வழியெல்லாம் அழுதுகொண்டே, பிணத்துக்குப் போர்த்தக் கோடி வேட்டியோடு வந்து இறங்கினார். அப்பாவைப் பார்த்ததும் வேட்டியாலேயே இரண்டு போட்டார். நூல் நல்லாருக்கே, ஞாயித்துக்கெழம கட்டிக்கிறட்டுமா என்று அப்பா கேட்டு, இன்னும் இரண்டு வாங்கினார். எல்லோரும் சிரித்தோம். அயிரை மீன் குழம்பை அத்தைதான் சாப்பிட்டார். அப்பா ரசம் போதும் என்றுவிட்டார்.

விளக்கு வைத்த பிறகு, அந்த ஆறாம் பகுதியைப் போடு என்றார். போட்டேன். டிவி பக்கம் திரும்பவில்லை. நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மெட்டைக் கீழே இருந்து ஏத்திருக்கான், எனக்கு அன்னைக்கு அந்த இடம் பிடிபடலை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, உங்க அம்மாவத் தூக்குனப்ப அவன் அழவே இல்லையே, அதை வச்சுத்தான் இங்க அழுதுருக்கான் என்றார். பிறகு, அந்தக் கொலைகாரத் தடிப்பயல் மூஞ்சிய மட்டும் காட்டாம இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். இதை உன்னிடம் அவரே சொல்ல வேண்டும். நான் எழுதினால் பாதிதான் வரும்.

உன் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை ஜெய்சன். நீ அங்கே எப்படிக் கஷ்டப்பட்டு மேலே வந்தாய் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அக்கா ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அப்பா செத்துவிட்டார் என்றதும் போட்டது போட்டபடி டிக்கெட் எடுத்து ஏர்போர்ட் வரைக்கும் ஓடி வந்தாய். உயிரோடு இருக்கிறார் என்றதும் திரும்பிப் போய்விட்டாய். எந்த ஊர் நியாயம்டா இது? செத்தவர் உன்னைப் பார்க்கவா போகிறார்?

பன்னிரண்டாம் தேதிக்கு முன்னால் வா. இரண்டு நாள் இருந்தால் போதும். மன்னிப்புக் கேட்க வேண்டாம், விளக்கம் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார். மற்றதை அவர் பேசுவார், ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் தூங்கு. அம்மா மேலே இருந்து உன் கைகளையும் காதுகளையும் ஆசீர்வதிப்பாள், உன் வேலை ஒரு குறையும் இல்லாமல் நடக்கும். ஆபரேஷன் அன்றைக்கு அப்பாவை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவர் தலையைத் திருப்பி யாரைத் தேடுவார் என்று எனக்குத் தெரியும். "வந்துருவான்ப்பா" என்று இன்னொரு தடவை அவரிடம் சொல்ல என்னால் முடியாது. வந்துவிடுடா தம்பி.

என்றும் உன் அன்புள்ள அக்கா,
ஆன்சி