செம்புட் மேட்டில் என் பேர்

விடியற்காலையில் எஸ்டேட்டில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஒரு நாளும் தாமதமாகப் போகாத என் அப்பாவுக்கு,

உங்க அஞ்சலை எழுதுகிறேன். வருசா வருசம் உங்க திதிக்குத் தம்பி முனியாண்டிதான் பேப்பரில் படம் போடுவான். நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு, கடன் கேட்க வந்தவனைப் பார்க்கிற மாதிரி நீங்க முறைக்கிற படம். அதற்குக் கீழே குடும்பத்தார் எல்லோரும் துயரத்தில் வாடுவதாக நாலு வரி. இந்த வருசம் நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அஞ்சாவது படித்தவள் என்னத்தை எழுதப் போகிறாய் என்று கேட்டான். அஞ்சாவதோடு நின்றதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்றேன்.

நான் வாடவில்லை அப்பா. அழுதது அழுதாயிற்று. உங்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் இது.

முதலில் ஊர்ச் செய்தி. நம்ம எஸ்டேட் இப்போது இல்லை. ரப்பர்ப் பால் மரத்தையெல்லாம் வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுவிட்டார்கள். நாம குடியிருந்த லயம் இருந்த இடத்தில் வரிசை வீடு கட்டித் தாமான் என்று பேர் வைத்தார்கள், அதில் கடைசி வீடு என்னுடையது. மாரியம்மன் கோவில் அங்கேயேதான் இருக்கிறது. பெரிய மழை பெய்தால் கீழ்ப்பக்கம் இன்னமும் முழுகும். ஆனால் அந்த மேடு மாறவே இல்லை. எந்த மேடு என்று தெரியும்தானே? நம்ம லயத்துக்கும் கோத்தா திங்கி டவுன் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில், ரோட்டை மறித்துக்கொண்டு படுத்திருக்கிற மேடு.

எஸ்டேட் பள்ளியில் அஞ்சாவதோடு சரி. ஆறாவதுக்கு டவுனுக்குப் போக வேண்டும், பஸ் கிடையாது. வாத்தியார் நம்ம வாசலுக்கே வந்து, நல்லாப் படிக்கிற பிள்ளை, ஒரு சைக்கிள் இருந்தால் போதும் என்று உங்களிடம் கெஞ்சினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"அந்த மேட்டுல பொம்பளப் புள்ளையால மிதிக்க முடியாது வாத்தியாரே" என்று சொன்னீங்க.

அவ்வளவுதான், என் படிப்பு முடிந்தது. மறுநாள் ரப்பர் மரத்தடியில் ஒட்டுப்பால் பொறுக்கப் போனேன். தம்பிக்கு அஞ்சாவது முடிந்தபோது அவனுக்கு சைக்கிள் வந்தது. அவன் ஆம்பளை, மிதிப்பான் என்று சொன்னீங்க. அந்த சைக்கிளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தது நான்தான்.

ஒன்று கேட்கட்டுமா? புகைக்கூடத்துக்குப் பின்னால் உங்க சைக்கிளை எடுத்து, பாருக்கு அடியில் காலை விட்டு நான் ஓட்டியதை நீங்க பார்த்திருக்கீங்க. பார்த்துவிட்டுச் சிரிச்சீங்க. எனக்கு ஓட்டத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியும். அப்புறம் எப்படி அந்த வார்த்தை வந்தது? பயந்தது மேட்டுக்கா, ஊர் வாய்க்கா?

சரி, இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

என் பேத்தி காலேஜுக்குப் போனபோது அவள் சைக்கிளை என் வீட்டு வாசலில் விட்டுப் போனாள். துருப்பிடிக்கட்டும் என்று விட எனக்கு மனசு வரவில்லை. சீட்டைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு ஏறினேன். உடம்பு மறக்கவில்லை அப்பா. பக்கத்து வீட்டு மலாய் அக்கா காக் ரோஸ்னாவும் ஒரு சைக்கிள் வாங்கினாள். எங்க தாமானில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூட்டம் சைக்கிளில் கிளம்பும், அதில் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்துகொண்டோம். பேண்ட் போட்டுக்கொண்டுதான் போகிறேன். முறைக்காதீங்க.

அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் போனில் ஓர் ஆப் இருக்கிறது. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கிளம்பும்போது அதை அமுக்கிவிட வேண்டும். வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டைப் பிடித்து, நாம் போன வழியெல்லாம் வரைபடத்தில் சிவப்பாகக் கோடு போட்டுக்கொண்டே வரும். வீட்டுக்கு வந்து நிறுத்தினால் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எங்கே மூச்சு வாங்க நின்றோம், எல்லாம் சொல்லிவிடும். கங்காணி மாதிரிதான், ஆனால் கெட்ட வார்த்தை பேசாது.

மேடு பள்ளம் இருக்கிற இடங்களுக்கெல்லாம் அந்த ஆப்பில் யாராவது பேர் வைத்துவிடுகிறார்கள். நம்ம மேட்டுக்கு யாரோ ஒரு மலாய்ப் பையன் புக்கிட் செம்புட் என்று வைத்திருக்கிறான். செம்புட் என்றால் மூச்சிரைப்பு. அந்த மேட்டில் யார் ஏறினாலும் அவர்கள் பேர் ஒரு வரிசையில் விழும். ஆம்பளைகளுக்கு ஒன்று, பொம்பளைகளுக்கு ஒன்று. முதலில் வருகிறவர் பேருக்குப் பக்கத்தில் குட்டிக் கிரீடம் வைப்பார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, எல்லோரும் மேட்டுப் பக்கம் திரும்பினார்கள். எனக்கு அதுதான் முதல் தடவை. அடிவாரத்துக் கடையைத் தாண்டினதும் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். செம்பனைக் குலை ஏற்றுகிற காலி லோரி ஒன்று பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்த பையன் இறங்கி, என் சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டு, என்னை முன்னால் உட்கார வைத்து, மேட்டுக்கு மேலே கொண்டுபோய் விட்டான். புண்ணியவான். நான் தலையைத் துவட்டினேனே தவிர, பையில் இருந்த போனை நினைக்கவில்லை. அது பாட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் பார்த்தால், புக்கிட் செம்புட்டில் பொம்பளைகள் வரிசையில் உங்க மகள்தான் முதல். பேருக்குப் பக்கத்தில் கிரீடம்.

வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கவா வேண்டும். ஒருத்தன் அலமாக், அடேயப்பா என்று ஆரம்பித்து, பாட்டி சைக்கிளுக்கு என்ன எண்ணெய் ஊற்றுகிறாங்க என்று கேட்டிருந்தான். அது சிரிப்புதான், நானும் சிரித்தேன். அடுத்து ஒரு பொண்ணு, அந்தக் கிரீடத்தை வைத்திருந்தவள், வயசானால் ஏமாற்றலாமா என்று எழுதியிருந்தாள். அது குத்தியது. காக் ரோஸ்னாவைக் கூப்பிட்டு, எந்த இடத்தில் அமுக்கினால் அழியும் என்று கேட்டு, அந்தக் கோட்டை அன்றைக்கே அழித்துவிட்டேன். லோரி போட்ட கோடு எனக்கு எதுக்கு? மழையில் லோரியில் வந்தேன், ஆப்பை நிறுத்த மறந்துவிட்டேன் என்று குரூப்பிலும் குரலில் பேசி அனுப்பினேன். விசயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சாயந்திரம் குரூப் தலைவர் ராஜன் போன் செய்தான். நல்ல பையன், பேச்சும் மரியாதைதான்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆன்டி. மேட்டுப் பக்கம் போற அன்னைக்கு நீங்க கடையிலேயே உக்காந்து தே தாரிக் குடிச்சிக்கிட்டு இருங்க. நாங்க ஏறி இறங்கி வந்து கூட்டிக்கிறோம். உங்களால அது முடியாது லா."

அவன் குரல் இளசு. ஆனால் எனக்குக் கேட்டது உங்க குரல் அப்பா. கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளைக்குக் கேட்ட அதே குரல்.

அந்த வாரமே வீட்டில் பஞ்சாயத்து. என் மகன் குமார் பாசிர் கூடாங்கில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். வரும்போது என் தம்பி முனியாண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தான். சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான் குமார். நடக்க ஆசையாக இருந்தால் தாமான் திடலைச் சுற்றி நட, அதுக்கும் ஆப் கோடு போடும் என்றான். லோரிக்காரன் நல்லவனாக இருந்ததால் தப்பித்தாய், எல்லா லோரியும் நிற்காது என்றான். அவன் பயம் பொய் இல்லை. அந்த ரோட்டில் லோரி எப்படிப் போகும் என்று எனக்கும் தெரியும். தம்பி கடைசியில் ஒன்று கேட்டான்.

"அப்பா இருந்திருந்தா விட்டிருப்பாரா அக்கா?"

"விட்டிருக்க மாட்டாரு. அதனாலதான் போறேன்."

அடுத்த ஞாயிறே போனேன். பளிச்சென்ற சட்டை போட்டுக்கொண்டு, பின்னால் சிவப்பு விளக்கு மாட்டிக்கொண்டு போனேன். கடை வந்தது, ராஜன் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினான். நானும் கையைக் காட்டிவிட்டு நேராக ஏறினேன்.

அந்த மேடு ஏமாற்றுக்காரி அப்பா. முதல் வளைவு வரைக்கும் உறவுக்காரி மாதிரி வா வா என்று கூப்பிடும். திரும்பினால்தான் குணம் தெரியும். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் மறைந்துவிட்டார்கள். காக் ரோஸ்னாகூட இறங்கித் தள்ள ஆரம்பித்தாள். நீயும் தள்ளு, இந்த ஆப்புக்கு மிதிக்கிறதும் தள்ளுகிறதும் ஒன்றுதான் என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். உண்மைதான். தள்ளிக்கொண்டு போனாலும் கோடு விழும், பேரும் விழும். ஆப்புக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. கால் ஊன்றி நிற்பேன், ஓர் அடிகூடத் தள்ள மாட்டேன் என்று மனசுக்குள் அம்மன் மேல் சத்தியம் செய்திருந்தேன்.

காக் ரோஸ்னாவை முன்னால் போகச் சொல்லிவிட்டு ரெண்டாவது வளைவில் நின்றேன். நெஞ்சு தப்படித்தது. உட்கார்ந்தால் எழ மாட்டேன் என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றேன். போன் அடித்தது, எடுக்கவில்லை. குமார்தான். நான் இருக்கிற இடம் அவன் போனில் ஒரு புள்ளியாகத் தெரிகிற மாதிரி செய்து வைத்திருக்கிறான். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவன், புள்ளி மேட்டு நடுவில் நகராமல் இருப்பதைப் பார்த்துப் பதறியிருக்கிறான். உடனே மாமாவுக்குப் போன் போட்டிருக்கிறான்.

முனியாண்டி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். சட்டைப் பொத்தான்கூட மாற்றிப் போட்டிருந்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏறு அக்கா. சைக்கிளைப் பொறவு வந்து எடுத்துக்கலாம்."

முடியாது என்றேன். தண்ணீரை மட்டும் கொடு என்றேன். கொடுத்தான். குடித்து முடிக்கும் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"நான் இந்த மேட்டுல மிதிச்சதே இல்ல அக்கா. பள்ளிக்கூடம் போன காலம் பூரா தள்ளிக்கிட்டுத்தான் போனேன். அப்பாகிட்ட சொல்லல."

கேட்டீங்களா அப்பா?

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நடு ரோட்டில் நின்று சிரித்தேன், அவனும் சிரித்தான். அப்புறம் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. பாவம், அவனும் சின்னப் பிள்ளை, இறங்கித் தள்ளினான், பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அவ்வளவுதானே வேணும்? நானும் தள்ளிக்கொண்டு போயிருக்க மாட்டேனா? மேட்டில் மிதித்தால்தான் ஆறாவதில் சேர்ப்பேன் என்று எந்தப் பள்ளிக்கூடமாவது சொன்னதா?

தண்ணீர் கொடுக்காத பலத்தை அந்தக் கோபம் கொடுத்தது. பின்னால் வா, பக்கத்தில் வராதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அவன் விளக்கைப் போட்டுக்கொண்டு, லோரிகளை ஒதுங்கிப் போகச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே ஊர்ந்து வந்தான். அதற்கப்புறமும் ஒரு தடவை நின்றேன். மறைக்க மாட்டேன். ஆனால் தள்ளவில்லை.

உச்சியில் ராஜனும் மற்றவர்களும் திரும்புவதற்குத் தயாராக நின்றார்கள். அந்தக் கிரீடப் பொண்ணும் இருந்தாள். கடையில் இருக்கச் சொன்னேனே ஆன்டி என்று ராஜன் இழுத்தான்.

"அங்க சீனி ஜாஸ்தி போடுறான் தம்பி. டாக்டர் வேணாம்னிருக்காரு" என்றேன்.

அந்தப் பொண்ணுதான் முதலில் சிரித்தாள். தன் பாட்டிலில் இருந்த தண்ணீரை நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். மன்னிப்பு என்று அவளும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குமார் என் போனை வாங்கிப் பார்த்தான். வரிசையை மேலேயிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனான். போய்க்கொண்டே இருந்தது. எல்லாப் பொம்பளைகளுக்கும் கீழே, கடைசியில், உங்க மகள் பேர். எனக்கு மேலே இருக்கிறவளே என்னைவிட எவ்வளவோ முன்னால்.

"கடைசியா இருக்கும்மா. அழிச்சிடவா?"

"தொட்டா கை இருக்காது."

நீங்கதானே அப்பா சொல்வீங்க, காய்ச்சலோடு எழுந்து போகிற அன்றைக்கெல்லாம்: கடைசியா நின்னாலும் பெரட்டுல நிக்கணும், பேர் விழுந்தாத்தான் ஆளு. பெரட்டுக் களத்தில் கணக்கு எழுதுகிற கிராணி பேர் கூப்பிடும்போது, வரிசைக் கடைசியில் இருந்து நீங்க ஐயா என்று குரல் கொடுப்பது நம்ம லயம் வரைக்கும் கேட்கும். அந்தப் பிடிவாதம்தான் என் காலில் இருக்கிறது. அதைக் கொடுத்தது நீங்க. மேட்டை மட்டும் ஏன் கொடுக்காமல் போனீங்க?

பதில் வராது என்று தெரியும். உங்க மேல் எனக்கு இருக்கிற பாசம் இதனால் குறையாது. அதே மாதிரி, பாசத்தால் இந்தக் கணக்கும் தீராது. ரெண்டையும் வைத்துக்கொண்டே மிதிக்கிறேன்.

இப்போதைக்கு என் சிவப்புக் கோடு மேட்டு உச்சியில் நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் இறக்கம், ஆற்றுப் பாலம், டவுன், அப்புறம் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்களாம். வாசல் மட்டும் பழைய இடத்தில்தான் இருக்கிறது என்று தம்பி சொல்கிறான். தானும் வருகிறானாம். தள்ளிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, வா என்று சொல்லியிருக்கிறேன்.

உங்க திதி அன்றைக்குக் கோவிலில் அர்ச்சனை முடித்துவிட்டு, நெற்றி விபூதியோடு கிளம்புவேன். லயம் இருந்த இடத்தில் ஆப்பை அமுக்குவேன். அந்தப் பள்ளிக்கூட வாசலில் கால் ஊன்றிய பிறகுதான் நிறுத்துவேன். இது சத்தியம். நம்ம வாசலில் இருந்து அந்த வாசல் வரைக்கும் ஒரே கோடாக விழும் அப்பா. அதை யாரும் அழிக்க விடமாட்டேன்.

இந்தத் தடவை உங்ககிட்ட உத்தரவு கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போகிறேன், அவ்வளவுதான்.

மேட்டில் மிதித்து ஏறிய உங்க மூத்த மகள்,
அஞ்சலை