மேடையில் உன் படத்துக்கு விழுந்த மாலை

கோவில்பட்டி
வியாழக்கிழமை

அன்பு மகள் தஸ்னீமுக்கு அத்தா எழுதுவது.

அல்லாஹ்வின் அருளால் இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி சபியுல்லாவும் சுகம். நீ கனடாவில் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறாய் என்பதில் எங்கள் மூவருக்கும் சந்தேகம் இல்லை. ஊரில் வேறு சிலருக்குத்தான் இருக்கிறது, அது ஏன் என்று சொல்லவே இந்தக் கடிதம். போனில் சொன்னால் உன் அம்மா காதில் விழும், வாட்ஸப்பில் எழுத்து எழுத்தாகத் தட்ட என் விரலுக்குப் பொறுமை கிடையாது, அதனால் நம் தார்ப்பாய்க் கடையில் உட்கார்ந்து கையால் எழுதுகிறேன், சபியுல்லா படம் பிடித்து அனுப்புவான். கடை நேரத்தில் எழுதுகிறாரே, வியாபாரம் என்ன ஆகிறது என்று கவலைப்படாதே. மழை வராமல் இழுத்தடித்தபோது தார்ப்பாய் எதற்கு என்றார்கள், இப்போது ஒரேயடியாகக் கொட்டி விதைத்த உளுந்தெல்லாம் தண்ணீரில் நிற்கிறது, இனி மூடி வைக்க என்ன இருக்கிறது, தார்ப்பாய் எதற்கு என்கிறார்கள். சாக்கும் கயிறும் அப்படியே அடுக்கியபடி இருக்கின்றன. ஆகையால் நிம்மதியாக எழுதுகிறேன், நீயும் நிம்மதியாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கல்லூரியில் முன்னாள் மாணவர் விழா நடந்தது அல்லவா, தொழிலில் சாதித்தவர்களுக்கும் ஊருக்கு உழைத்தவர்களுக்கும் விருது கொடுத்தார்கள். சங்கத்துச் செயலாளர் சக்திகுமாரை உனக்குத் தெரியும், செல்போன் கடை வைத்திருக்கிறவர், அவர்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. சிறப்பு விருந்தினர் தீப்பெட்டி ஆலை முதலாளி பூவனலிங்கம் அண்ணாச்சி. சமூக சேவைக்கு அவருக்கும் ஒரு விருது. எட்டயபுரம் சாலையில் ஒரு நிழற்குடை கட்டிக் கொடுத்திருக்கிறார், மூன்று பக்கச் சுவரிலும் அவர் பெயர் இருக்கிறது, பேருந்துதான் அங்கே நிற்பதில்லை. விழாச் செலவு முழுவதையும் அண்ணாச்சி ஏற்றுக்கொண்டதற்கும் அவருக்கு விருது கிடைத்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சக்திகுமார் என்னிடம் வலிய வந்து சொன்னார், நான் கேட்கவே இல்லை. உனக்கோ இரண்டு விருது. தீக்காயத்துக்குப் போடும் கட்டுத்துணியில் நீ செய்த ஆராய்ச்சிக்குத் தொழில் சாதனை, தீப்பெட்டி ஆலைப் பெண்களுக்கு அங்கிருந்தே கணினி வழியாக முதலுதவி சொல்லிக்கொடுப்பதற்குச் சமூக சேவை. இரண்டையும் ஒரே கேடயத்தில் எழுதிவிட்டார்கள், சிக்கனமான சங்கம். உன் வகுப்பு நடத்தத் தன் ஆலையில் இடம் இல்லை என்று சொன்ன அதே பூவனலிங்கம் அண்ணாச்சிதான் உன் விருதைத் தன் கையால் கொடுக்க ஆசைப்பட்டார், அதற்கு மட்டும் மேடையில் தாராளமாக இடம் இருந்தது.

நான் போவதென்று முன்பே முடிவு செய்துவிட்டேன். உன் அம்மாதான் கேள்வி. உன் மாமா மகனோடு பேசி முடித்த கல்யாணத்தை நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிய நாளில் உன் அம்மா பக்ருன்னிசா சொன்ன சொல் உனக்கு மறந்திருக்காது. எனக்கு மகன் ஒருத்தன்தான், மக இல்ல, இருந்தவ செத்துப்போயிட்டா என்று உன் காதுபடவே சொன்னாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் உன் பெயரைச் சொன்னால் அடுப்படியில் பாத்திரம் உருளும். நீ எனக்குப் போன் செய்யும்போது நான் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவதும், சிக்னல் கிடைக்கவில்லை என்று பொய் சொல்வதும், அது பொய் என்று அவளுக்குத் தெரிவதும், தெரிந்ததை அவள் காட்டிக்கொள்ளாததும் ஒரு குடித்தனமாகவே நடந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவளிடம் விழாவுக்கு வருகிறாயா என்று கேட்டேன். அவ வாங்குத பரிசுக்கு நான் எதுக்கு வாரேன், எனக்கு வேற சோலி இல்லையா என்றாள். ஞாயிற்றுக்கிழமை நான் சட்டை மாட்டும்போது பார்த்தால் பெருநாள் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். என்ன என்றேன். கல்லூரிக்குப் பக்கத்தில் முத்துத்தாய் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறதாம், பார்க்கப் போகிறாளாம், வழியில் நான் விழாவில் இறங்கினால் தனக்கு ஆட்சேபம் இல்லையாம். அந்தக் குழந்தை இப்போது நடக்கிறது. நான் போய் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

மழையில் கல்லூரி வளாகம் கரிசல் குழம்பாகிக் கிடந்தது. வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் செருப்பில் ஆளுக்கு ஒரு கிலோ மண்ணோடு காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்கள், அதுவே பார்க்க ஒரு விழாவாக இருந்தது. நாங்கள் உள்ளே போகும்போது கூட்டம் நிறைந்துவிட்டது. உன் அம்மா என்னோடு முன்வரிசைக்கு வரவில்லை, பின்னால் பெண்கள் பக்கம் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். நான் முன்னால் போய் உட்கார்ந்து மேடையைப் பார்த்தேன். விருது பெற வர முடியாதவர்கள் மூன்று பேர், அவர்களுடைய படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு மூன்று நாற்காலியில் சாத்தி வைத்திருந்தார்கள். ஒன்று மெல்போர்னில் இருக்கும் அருண்பாண்டியன். ஒன்று எட்டயபுரத்துச் சுந்தரபாண்டியன் சார், ஏழைப் பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பயிற்சி கொடுத்தவர், பங்குனி மாதம் காலமாகிவிட்டார். மூன்றாவது நீ. காலமானவர் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் விளக்கேற்றி, ஊதுபத்தி வைத்திருந்தார்கள், அது முறைதான். ஒருவருக்கு மட்டும் செய்தால் மற்ற இரண்டு குடும்பமும் மனத்தாங்கல் கொள்ளும், மரியாதையில் ஏற்றத்தாழ்வு காட்டக்கூடாது என்று சக்திகுமார் பெருந்தன்மையாக யோசித்து மற்ற இருவருக்கும் அதே சம்பங்கி மாலை, அதே விளக்கு, அதே ஊதுபத்தி ஏற்பாடு செய்துவிட்டார்.

நம் வீட்டில் படத்துக்கு மாலை போடுகிற வழக்கம் கிடையாது. ஆனால் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது என்ன சேதி என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இப்போது கேலியாக எழுதுகிறேன் மகளே, அந்த நேரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள்தான் உன்னோடு பேசியிருக்கிறேன், தெரியும், இருந்தும் போனை எடுத்து உன் அழைப்பு அதில் இருக்கிறதா என்று பார்த்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்த பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்பம் நடந்துச்சு பாய், எங்களுக்குச் சொல்லிவிடவே இல்லையே என்றார். இல்லை அண்ணாச்சி, நேற்றுகூட வீடியோவில் வந்தாள், தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்றேன். அவர் கையை இன்னும் இறுக்கமாகப் பிடித்து, அப்படித்தான் இருக்கும், மனசு ஒத்துக்கிடாது, அழுதுருங்க என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். நீயும் கொஞ்சம் காரணம்தான், சங்கம் படம் கேட்டால் சிரித்தபடி ஒன்று அனுப்பக்கூடாதா, பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததை அனுப்பியிருக்கிறாய், அதில் நீ ஏற்கெனவே இந்த உலகத்தில் பற்று இல்லாதவளாகத்தான் தெரிகிறாய். அடுத்து சக்திகுமார் மைக்கைப் பிடித்து, மறைந்த நம் முன்னாள் மாணவர் ஆத்மா சாந்தியடைய ஒரு நிமிடம் எழுந்து நிற்போம் என்றார். யார் என்று பெயர் சொல்லவில்லை, அவருக்குத்தான் தெரியுமே. கூட்டம் எழுந்து நின்று மூன்று படத்தையும் பார்த்தது. என் மகளுக்காக நானும் எழுந்து நின்றேன், எல்லாரும் நிற்கும்போது நான் மட்டும் எப்படி உட்காருவது.

அந்த மௌனத்தில்தான் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா நடுவழியில் நடந்து வருகிறாள். முக்காடு நழுவிக் கிடக்கிறது, அதைச் சரி செய்யவில்லை. உன் கல்யாணப் பேச்சு முறிந்த அன்றுகூட அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. மேடைப் படியில் ஏறினாள், தடுக்க வந்த மாணவர்கள் இரண்டு பேர் அவள் பார்த்த பார்வையில் விலகிக்கொண்டார்கள். உன் படத்துக்கு முன்னால் இருந்த விளக்கை விரலாலேயே நசுக்கி அணைத்தாள். மாலையைக் கழற்றினாள். பிறகு சக்திகுமாரைப் பார்த்துச் சொன்னாள், மைக் அவர் கையில் திறந்தே இருந்ததால் கல்லூரி முழுக்கக் கேட்டது. எம்மவ உசுரோட இருக்கா. நல்லா இருக்கா. யாருல அவளுக்கு மாலையும் வெளக்கும் வச்சது என்று கேட்டாள். என் மகள் என்று சொன்னாள், தஸ்னீம். இத்தனை காலம் கழித்து அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது, அதுவும் ஒலிபெருக்கியில். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பக்கத்துப் பெரியவர் நல்லது நல்லது, அழுதுருங்க என்றார்.

கழற்றிய மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் பக்கத்தில் நின்ற பூவனலிங்கம் அண்ணாச்சி கையில் கொடுத்தாள். மாலை என்றால் கை தானாகக் கழுத்துக்குப் போகிற பழக்கம் அவருக்கு, வாங்கிப் போட்டுக்கொண்டார், நான்கு பேர் கைதட்டவும் செய்தார்கள். அருண்பாண்டியனின் அப்பாவும் அதற்குள் மேடை ஏறி தன் மகன் மாலையைக் கழற்றிவிட்டார். சக்திகுமார் பாவம், வேர்த்துக் கொட்டியது, மன்னிப்புக் கேட்டார், நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்றார். அதை நான் நம்புகிறேன், கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் இவ்வளவு ஒழுங்காக வந்திருக்காது. கேடயத்தை நான் வாங்கிக்கொண்டேன். உன் அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை, நாற்காலியில் இருந்த படத்தை மட்டும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். சட்டம் சங்கத்துச் சொத்து என்று ஒருவர் முணுமுணுத்தார், சத்தமாகச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. முத்துத்தாய் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஆட்டோவில் வரும்போது படத்தை மடியில் வைத்து, அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்த சம்பங்கி இதழை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, அன்னைக்கு அப்படிச் சொன்ன வாய் வெளங்காமப் போவ என்று தன்னையே ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். அப்போது நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே, உன் அம்மா அவ்வளவு மலிவான ஆள் இல்லை. மறுநாள் காலையில் பழையபடி அடுப்படியில் பாத்திரம் உருண்டது. உன் மாமா போன் செய்து, மேடையில் ஏறிக் கத்தினாயாமே என்று கேட்டதற்கு, எம்மவளுக்காகத்தான கத்துனேன், உங்களுக்கு என்ன என்று கேட்டு வைத்துவிட்டாள், அந்த வகையில் மாமாவோடும் இப்போது பேச்சு இல்லை. இந்த வீட்டில் யாராவது ஒருவரோடு பேச்சு இல்லாமல் இருந்தால்தான் அவளுக்கு வீடு மாதிரி இருக்கும் போலிருக்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை சபியுல்லாவைத் தனியாகக் கூப்பிட்டு, கனடா நம்பருக்கு முன்னால என்னல போடணும் என்று கேட்டிருக்கிறாள். யார் நம்பர் என்று அந்தக் கழுதை கேட்க, முத்துத்தாய் வீட்டு நம்பர் என்றாளாம். அவன் உன் எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னான். இரண்டு நாளாக வைகறைத் தொழுகை முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறாள். நான் கீழே இருந்து காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன். எண்ணை அழுத்துகிறாள், ஒரு மணி முழுதாக அடிப்பதற்குள் அணைத்துவிடுகிறாள், இறங்கி வந்து சிக்னல் இல்லை என்கிறாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்தக் குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் சளி பிடிக்கும். அல்லாஹ் உனக்கு நிறைந்த ஆயுளையும் நல்ல சுகத்தையும் தரட்டும், உன் கையால் பலருக்குப் புண் ஆறட்டும். முக்கியமான ஒன்று. நம் ஊர் விடியற்காலை உனக்கு அங்கே சாயங்காலம், அந்த நேரத்தில் போனை உன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொள். ஒரு மணிகூட முழுதாக அடிக்காமல் ஒரு அழைப்பு வந்து போகும். உடனே திரும்பக் கூப்பிடு. எடுத்ததும் கை தெரியாமப் பட்டுட்டு என்பாள். சரிம்மா என்று சொல். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு
உன் அத்தா
பிச்சை முகம்மது